வெள்ளிக்கிழமைகளில் திரும்பிய ஆண்டெனா

பாடுவதற்காக அந்தப் பெண் வாயைத் திறந்தாள். உடனே அவள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று, தலை இன்னொரு பக்கம் போயிற்று. அடுத்த நொடி திரை முழுக்கப் பொரி பொரியாகக் கொட்டியது. பாட்டுக்குப் பதில் தாளிக்கிற சத்தம்.

"போச்சுடா!" என்று எங்கள் ஹாலில் இருந்த இருபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"காத்தா இருக்கும்," என்றார் உபதேசியார் தேவசகாயம். எங்கள் சபையின் ஊழியர். முன்வரிசையில் தனக்கென்று ஒரு முக்காலி வைத்திருப்பவர்.

"காத்து இன்னா, கிழமை பாத்துக்கினு அடிக்குதா?" என்று கேட்டேன்.

அது மூன்றாவது வெள்ளிக்கிழமை. மூன்று வாரமும் சென்னை நிலையத்தின் பாட்டுப் போட்டி ஆரம்பித்த சில நிமிடங்களில் படம் போயிற்று. செவ்வாய்க்கிழமை துப்பறியும் தொடருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கொலைகாரனின் மூக்கு ஓரத்து மச்சம் வரைக்கும் தெரிந்தது.

எங்கள் வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஆண்டெனா திரும்பியிருக்குது. போன வாரம் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேனே, அதையும் அவுத்திருக்காங்க."

"மேல யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்ல. நம்ம மனோதான் காஞ்ச துணியெல்லாம் எடுத்துக்கினு எறங்கிச்சு."

மனோ என்கிற மனோன்மணி என் நாத்தனார். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்களோடுதான் இருந்தாள். துணியை மடித்து வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல எல்லோருக்கும் காபி கொண்டு வந்தாள். நான் காபியை வாங்கிக்கொண்டு, காற்றுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுமா என்று உபதேசியாரை மடக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வீடு, ஒரு குழாய்

எண்பதுகளில் ஏதோ ஒரு வருஷம். நான் அப்போது ஆந்திர எல்லையோரப் பிச்சாட்டூரில் நர்ஸ். எங்கள் வாடகை வீடு ஒரு பெரிய வீட்டின் பாதி. மறு பாதியில் கமலம்மா இருந்தார். அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வாரத்தில் பாதி நாள் திருப்பதியில், மீதி நாள் தூக்கத்தில். அவர்கள் தெலுங்கு, நாங்கள் தமிழ். பேச்சில் அந்த வித்தியாசம் பெரிதாக இருந்ததில்லை. கமலம்மா பாதி வாக்கியத்தைத் தெலுங்கில் ஆரம்பித்தால் நான் மீதியைத் தமிழில் முடித்துவிடுவேன்.

டிவி வந்தபிறகுதான் திசை என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. ஆண்டெனாவை ஏரியைப் பக்கவாட்டில் விட்டுத் தென்கிழக்கே வைத்தால் சென்னை. நேர் எதிராகத் திருப்பினால் திருப்பதி வழியாகத் தெலுங்கு. மொட்டைமாடியில் ஒரு குழாய்க்கு மேல் நட்டால் தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர், அதாவது வீட்டுச் சொந்தக்காரர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இரண்டு டிவிக்கும் ஒரே ஆண்டெனா, நடுவில் பிரித்து இரண்டு ஒயர்.

ஒப்பந்தம் இதுதான்: செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு, புதனும் சனியும் அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் திருப்பினாலும் டில்லி இந்திதான், யாருக்கும் புரியாது, சண்டையும் கிடையாது. மற்ற நாட்களில் யாருக்கு ஆசை அதிகமோ அவர்கள் மாடி ஏறுவார்கள். திருப்பும்போது கீழே இருந்து ஒருவர் "வருது, வருது, இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று கத்த வேண்டும். பல நாள் என் வீட்டுப் படத்துக்குக் கமலம்மா கத்தியிருக்கிறார்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் கிண்ணம் வரும். பப்பு, கோங்குரா, எது செய்தாலும். அதைக் காலியாகத் திருப்பித் தருகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

நான் சொன்னால் சொன்னதுதான்

செவ்வாய் தொடரிலும் வெள்ளிப் போட்டியிலும் என் தீர்ப்பு தப்பியதே இல்லை என்பதைச் சபையே ஒத்துக்கொள்ளும். தற்பெருமை இல்லை. இருபது பேர் சாட்சி.

துப்பறியும் தொடர் என்றால் எனக்குச் சில தீர்மானங்கள் உண்டு. முதல் வாரத்திலேயே முறைத்துப் பார்ப்பவன் கொலைகாரன் இல்லை. அவனை முறைக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள். சென்னை வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வரும் துப்பறிவாளனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் கூட வரும் ஏட்டுக்குத் தெரியும். முக்கியமாக, யாரும் கவனிக்காமல் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவரைக் கவனிக்க வேண்டும். இந்த ஒன்றை வைத்தே நான் மூன்று கொலைகளை முன்கூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

பாட்டுப் போட்டிக்கும் அப்படித்தான். முதலில் பாடுகிறவர் ஜெயிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர் வரியை மறந்திருக்கிறார் என்று அர்த்தம். நடுவர் தலையை அதிகமாக ஆட்டினால் மார்க் குறையப் போகிறது. இதையெல்லாம் நான் மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பாடுகிறவர் வாய் மூடுவதற்குள் என் வாய் திறந்துவிடும்.

"இந்தப் பொண்ணு பாடுதா, மூக்கு சிந்துதா?"

ஹால் சிரிக்கும்.

"இவளப் பெத்தவங்க இந்நேரம் டிவிய அணைச்சிட்டுப் போர்த்திக்கினு படுத்திருப்பாங்க."

உபதேசியார்கூட வேதப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பார். பாட்டு முடிந்ததும் இருபது தலைகளும் என் பக்கம் திரும்பும். நடுவர்கள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். அது எங்கள் ஹாலின் சட்டம். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சோப்புப் பெட்டி

இந்த வாய் எனக்கு எப்போது வந்தது என்று யோசித்தால் அறுபதுகளுக்குப் போக வேண்டும்.

விஜயபுரத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஓய்வுநாள் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு பாட்டுப் போட்டி வைப்பார்கள். ஜெயித்தால் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி பரிசு. ரோஸ் கலர், மூடி போட்டது, உள்ளே வாசனை சோப்போடு. அதை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் எங்களைப் பாடவே விடுவார்கள். நான் சோப்பின் வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டே பாடினேன். நன்றாகப் பாடினேன் என்றுதான் நினைத்தேன்.

சித்தூரிலிருந்து நடுவராக வந்திருந்த ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பிள்ளைக்குப் பேச்சு நல்லா வரும். பாட்டு அவசியமில்லை," என்றார்.

சபை மொத்தமும் சிரித்தது. என் நைனாவும் சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து கோயிலில்கூட வாயை மட்டும் அசைப்பேன், சத்தம் வராது. பேச்சு நன்றாக வரும் என்றார்களே, அதைப் பிடித்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஊதா மருந்து

மறுநாள் காலையில், குழாயடியில் நாலு பேர் இருக்கும்போது, கமலம்மாவைக் கேட்டுவிட்டேன்.

"தெலுங்குப் பாட்டு வேணும்னா வாயத் தொறந்து கேக்கலாம் இல்ல கமலம்மா? வெள்ளிக்கிழம எங்க நாளு. திருட்டுத்தனமா எதுக்குத் திருப்பணும்?"

கமலம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார்.

"ஏமம்மா நர்சம்மா, நான் திருப்பினேனா? மா இண்ட்லோ கூட அந்நேரம் பொரிதான் கொட்டிச்சு. தெலுங்கும் ரால, தமிழும் ரால. நீ வந்து பாத்தியா?"

"திருப்பறதுக்கு வேற யாரு இருக்காங்க?"

குடம் பாதிகூட நிறையவில்லை, தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் கிண்ணம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

தெலுங்கும் வரவில்லை என்று அவர் சொன்னதை நான் பிடித்திருக்க வேண்டும். ஆண்டெனா திருப்பதிப் பக்கம் திரும்பியிருந்தால் அவர் வீட்டில் படம் வந்திருக்கும். அது இரண்டு ஊருக்கும் இல்லாமல் வெறும் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. தொடரில் வரும் ஏட்டாக இருந்தால் இதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். எனக்கோ, தமிழ்ப் படம் போனால் தெலுங்குக்காரர்தான் காரணம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. ரெண்டு பாஷை கலந்து வாழ்கிற எங்கள் பக்கத்து ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து உண்டு. பட்டால் இரண்டு வாரத்துக்குப் போகாது. சொந்தக் காசில் மருந்துக்கடையில் ஒரு புட்டி வாங்கி, காயாமல் இருக்கக் கிளிசரினில் குழைத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டெனாக் குழாயில் கைபிடிக்கும் இடத்தில் பூசிவிட்டு வந்தேன்.

அன்றும் படம் போயிற்று. எனக்கு ஒரே சந்தோஷம், எங்கள் வீட்டுக்காரரைக்கூட மாடி ஏற விடவில்லை.

சனிக்கிழமை காலை கமலம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். "இந்த மாசம் உங்களுக்குப் பிரஷர் பாக்கல இல்ல? கையக் காட்டுங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பினேன். மஞ்சள்தான் இருந்தது. அடுத்த கையையும் திருப்பினேன். அதிலும் மஞ்சள்தான்.

"தொங்க தொரிக்காடா?" என்று கேட்டார். திருடன் அகப்பட்டானா என்று. எதற்கு வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனோ இரண்டு கையிலும் மருதாணி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாத்துக்குடி இப்போ மருதாணி?"

"பள்ளிக்கூடத்துப் பசங்க அரைச்சிக் குடுத்துச்சுங்க அண்ணி," என்றாள், தலையைத் தூக்காமல்.

"ஒரு கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல," என்று முனகிவிட்டு நான் அடுத்த சந்தேக நபரை யோசிக்கப் போனேன்.

கிராதிக்கு முன்னால்

அது மாதத்தின் முதல் ஞாயிறு. திருவிருந்து. எங்கள் கோயிலில் பெண்கள் வரிசையாகப் போய்ப் பீடத்துக் கிராதிக்கு முன்னால் முழங்கால் போட்டு, வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து நீட்ட வேண்டும். போதகர் ஐயர் அப்பத்தை உள்ளங்கையில் வைப்பார். கையை மூடிக்கொண்டு வாங்கமுடியாது. விரல்களால் எடுக்கவும் கூடாது.

என் பக்கத்தில் மனோ. ஐயர் நெருங்கி வரும்வரை அவள் கை முந்தானைக்குள் இருந்தது. வந்து நின்றார். அவள் கையை நீட்டவில்லை. அவர் காத்திருந்தார். கடைசியில் நீட்டினாள்.

மருதாணிச் சிவப்புக்கு நடுவில், குழாயின் அகலத்துக்கு, ஊதா.

ஐயர் ஒரு நொடி பார்த்துவிட்டு அப்பத்தை அதன்மேல் வைத்தார். வெள்ளை அப்பம், ஊதாக் கை. என் வாயில் அப்பம் இருந்தது. நல்லவேளை. இல்லாவிட்டால் அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன்.

காபி கொண்டுவந்தவள். நான் மூன்று கொலைகளைக் கண்டுபிடித்த அதே விதி. என் வீட்டிலேயே, என் கையிலேயே டம்ளரைக் கொடுத்திருக்கிறாள்!

மாடியில்

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தளம் காலைச் சுட்டது. ஆண்டெனாவின் நிழலில் இரண்டு பேரும் நின்றோம், அந்த நிழல் ஒருவருக்கே போதாது.

"சொல்லு. எதுக்கு?"

ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "நான் அந்தப் போட்டில பாடினேன் அண்ணி," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். யாருக்கும் தெரியாமல் கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறார்கள். சென்னையில் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாளே, அப்போது பாடியிருக்கிறாள். முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். எந்த வாரம் ஒளிபரப்புவார்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதனால் வாராவாரம் திருப்பியிருக்கிறாள். அவள் பாடியது டிவியில் வந்ததும் சித்தி கடிதம் போடுவாள், அந்தக் கடிதம் இன்னும் வரவில்லை. ஆக, அவள் பாடியது இனிமேல்தான் வரப்போகிறது.

"தோத்தா இன்னாடி? இத்தினி பேர் தோக்கறாங்க. அதுக்கா இந்தக் கூத்து?"

"தோத்ததுக்கு இல்ல அண்ணி."

"பின்ன?"

"நீங்க ஹால்ல உக்காந்துக்கினு இன்னா சொல்வீங்கன்னுதான்." கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "பெத்தவங்க போர்த்திக்கினு படுத்திருப்பாங்கன்னு ஒரு பொண்ணப் பாத்து சொன்னீங்களே. அன்னிக்கு நான் சென்னைலேர்ந்து வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு. காபித் தட்டப் பிடிச்சிக்கினு நின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"போனதே உங்களாலதான் தெரியுமா? நம்ம சபைல ஒருத்திக்கும் அந்த மேடை ஏற தைரியம் இல்லன்னு நீங்கதான் சொல்லிக்கினே இருந்தீங்க."

ரோஸ் கலர் சோப்புப் பெட்டியும், கண்ணாடி துடைத்த அந்த அம்மாவும், சிரித்த நைனாவும் அந்த வெயிலில் என் முன்னால் வந்து நின்றார்கள். வெட்கமாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட இடங்கள் குறைவு, அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

"சரி. நான் வாயே தொறக்கல, போதுமா?"

"நீங்க பேசாம இருந்தா அதுலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"நல்லா இருந்துச்சுன்னு சொல்லிடறேன்."

"பொய்யும் சொல்லாதீங்க அண்ணி. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சிலயே தெரியும்."

பேசவும் கூடாது, பேசாமல் இருக்கவும் கூடாது, பொய்யும் கூடாது. ஆண்டெனாவைப் பிடித்தேன், சென்னைப் பக்கம் திருப்பினேன். என் கையும் ஊதா ஆயிற்று.

அன்று மாலையே கமலம்மா வீட்டுக்குப் போனேன். "நீங்க இல்ல. எங்க வீட்டு ஆளுதான். தப்பு என்னோடது," என்றேன். யார், ஏன் என்று சொல்லவில்லை. அது மனோவின் விஷயம். "சரேம்மா," என்றார், அவ்வளவுதான். கிண்ணம் வரவில்லை. குழாயடியில் வைத்துக் கேட்டதற்கு வாசலில் வைத்து மன்னிப்புக் கேட்டால் சரியாகுமா?

அந்த வெள்ளிக்கிழமை

அடுத்த வாரம் மனோ திரையில் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள்.

மனோ எனக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். காபித் தட்டை அன்று எங்கள் வீட்டுக்காரர் தூக்கினார். அறிவிப்பாளர் பெயரைச் சொன்னதும் யாருக்கும் உறைக்கவில்லை. முகம் வந்ததும் உபதேசியார் முக்காலியோடு எழுந்தார்.

"ஏய்! நம்ம மனோன்மணி டீச்சர்!"

பச்சைப் புடவை, திரையில் சாம்பலாகத் தெரிந்தது. தலையில் இரண்டு பூ அதிகமாக வைத்திருந்தாள். கண்ணை மூடாமல் பாடினாள். முதல் அடி, நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மேடையில் அதுவரை நான் கேட்டவற்றில் ஒன்றுக்கும் குறைந்ததில்லை. இரண்டாவது அடியின் மேலேறும் இடத்தில் மூச்சு பத்தவில்லை. கடைசிச் சொல் பாதியில் நின்றது. அவ்வளவுதான். மீதியைச் சமாளித்துவிட்டாள். ஆனால் போட்டியில் அந்தப் பாதிச் சொல் போதும்.

நடுவர் தலையை அதிகமாக ஆட்டினார். மனோவின் கை என் முழங்காலைப் பிடித்தது. ஊதா இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் வழக்கம்போல் இருபது தலைகளும் என் பக்கம் திரும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நாளாகத் தயார்செய்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை.

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. கமலம்மா. கையில் கரண்டி, மூச்சு வாங்குகிறது.

"நர்சம்மா! மன மனோ, நம்ம மனோ டிவிலோ! பாத்தியா இல்லையா? நான் அடுப்ப அணைச்சிட்டு ஓடி வரேன், கடசில இன்னா ஆச்சுன்னு பாக்கல. கெலிச்சிடுச்சா?"

ஒரே ஆண்டெனா அல்லவா. அவர் வீட்டிலும் அவளேதான் பாடியிருக்கிறாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"தோத்துட்டா கமலம்மா," என்றேன். "மொத அடி அங்க ஒருத்தருக்கும் வராது. ரெண்டாவது அடில மூச்சு பத்தல." மனோ பக்கம் கையைக் காட்டினேன். "அந்த மேடைல போய் நின்னா பாரு. எனக்கு அது வந்திருக்காது."

முதலில் சிரித்தவள் மனோதான்.

"அவங்களும் அதேதான் அண்ணி சொன்னாங்க. மூச்சு பத்தலன்னு."

"அதுக்கென்ன?" என்றார் கமலம்மா, கரண்டியை நீட்டி. "அக்கட நிக்க வெச்சி பயமுறுத்துனா யாருக்கு மூச்சு வரும்? டிவிய ஆபு. அம்மாயி, நீ இப்போ பாடு. நான் முழுசா கேக்கல."

அடுத்த போட்டியாளர் பாதிப் பாட்டில் இருக்க, எங்கள் வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். எங்கள் ஹால் சரித்திரத்தில் அப்படி நடந்தது அது ஒருமுறைதான். மனோ எழுந்து, சுவரில் சாய்ந்து நின்று, அதே பாட்டைப் பாடினாள். கமலம்மா என் பக்கத்தில் மனோவின் இடத்தில் உட்கார்ந்தார், கரண்டியிலிருந்து பப்பு என் புடவையில் சொட்டியது, இரண்டு பேரும் துடைக்கவில்லை. முடிந்ததும் கை தட்டல். உபதேசியார் கண்ணைத் துடைத்தார். மறுநாள் சாயங்காலம் கிண்ணம் வந்தது.

அன்றும் இரண்டாவது அடியில் மூச்சு பத்தவில்லை. நான் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். மனோ திருப்பதியில் இருக்கிறாள், இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவள். படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.